கடனை விட்ட வணிகர்

திருகோணமலைத் துறைமுகத்துக் கடைத்தெருவிலே கணக்கெழுதிப் பழகியவர்களுக்கு, கொடுத்த கடனைக் கைவிடுவது எத்துணைக் கடினமென எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பின்னாளில் பெரியார் எனப்பட்ட ஈ. வெ. இராமசாமி 1879இல் ஈரோட்டிலே பிறந்தவர். பள்ளியில் மிகுதியாகக் கற்றவரல்லர். இளமையிலேயே தந்தை வேங்கட நாயக்கரின் மண்டியில் அமர்ந்தார். கூலிவேலையில் தொடங்கி மொத்த வணிகரானவர் அத்தந்தை. மகனுடைய வாதத்திறமையும் அம்மண்டியிலேதான் வளர்ந்தது போலும்! 1918இல் ஈரோடு நகரசபைத் தலைவரானார். ஊருக்குக் காவிரிக் குடிநீர் கொணரும் பணியில் முனைந்தார். அடுத்த ஆண்டே பதவிகளைத் துறந்து காங்கிரசிற் சேர்ந்தார்.

1920இல் எழுந்த ஒத்துழையாமை இயக்கம் நீதிமன்றங்களைப் புறக்கணிக்கச் சொன்னது. வழக்குத் தொடுத்தாலன்றி வாராத கடன்கள் அவருக்குப் பல்லாயிரம் ரூபாய் இருந்தன. பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்றினால் தாமே வழக்காடி வசூலித்துத் தருவதாகச் சேலம் விஜயராகவாச்சாரியார் முன்வந்தார். அதுவும் வழக்காடுவதே என்று இராமசாமி மறுத்துவிட்டார். பொதுவாழ்விற் பொருள் சேர்த்தோர் மலிந்த உலகில் இது சிறு செய்தியன்று. பின்னர்க் கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து விற்றார்.

ஜெர்மனியிலோ, லைப்சிக் நகரிற் கடைசற் பட்டறை வைத்திருந்த ஆகஸ்ட் பேபெல் 1867இல் பாராளுமன்றம் புகுந்தபின்னும் பட்டறையை நெடுநாள் விடவில்லை. அந்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினருக்கு 1906 வரை ஊதியமில்லை. குடும்பத்துக்குச் சோறிட்டது பட்டறையே. தந்தை தேடிய செல்வம் இராமசாமிக்கு இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாமையால் 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசை விட்டார். 1932இல் ஜெர்மனி முதலிய நாடுகளைக் கண்டு திரும்புகையில் இலங்கையில் இறங்கி, இங்குள்ள தமிழரிடையே உரையாற்றிச் சென்றார்.