வேதாளமும் சங்கரனும்

முயற்சி வீணாகித் தொடங்கிய இடத்துக்கே திரும்புவதை ஆங்கிலத்தார் ‘பேக் டு ஸ்கொயர் ஒன்’ என்பர். 1927இல் பிபிசி கால்பந்து வர்ணனைக்கென அச்சிட்ட கட்டப் படத்திலிருந்து இத்தொடர் பிறந்தது என்பது பரவலான கதை. ஆனால் 1952ஆம் ஆண்டுப் பொருளியல் இதழொன்றில் வரும் பழைய சான்று பாம்பு-ஏணி ஆட்டத்தையே சுட்டுகிறது. அது பரமபதத்தின் உறவான இந்திய ஆட்டத்திலிருந்து அங்கே சென்றது.

இதைத் தமிழாக்குவது எளிதன்று. 1956இல் தென் வட்டங்கள் பிரிந்த பின்னும் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இடம் தம்பானூர். 1931இல் அமைந்த இரயில் நிலையத்தின் எதிரே, நாகர்கோவில் பேருந்துக்குக் காத்திருக்கும் மலையாளி ‘சங்கரன் பின்னெயும் தெங்கில்’ என்பார். தமிழர் ‘வேதாளம் மறுபடியும் முருங்கைமரம் ஏறியது’ என்பார். இரண்டிலும் மரம் உண்டு, பொருள் ஒன்றன்று.

வடமொழிக் கதையில் வேதாளம் தொங்கியது சிம்சபா மரத்தில். முருங்கை நம்மவர் நட்டது. அக்கதையில் பின்னடைவு விக்கிரமாதித்தனுடையது. தமிழ் வழக்கிலோ பழி வேதாளத்தின் மேல் ஏறிவிட்டது: குடியை விட்டவன் மீண்டும் குடித்தால் இத்தொடர் பொருந்தும். தள்ளுபடியான மனுவை முதலிலிருந்து எழுதுபவருக்குப் பொருந்தாது. அவருக்குச் சங்கரனே அண்மையானவன். ‘பழைய குருடி, கதவைத் திறடி’ தமிழில் உண்டுதான். அதில் சலிப்பு சற்றே தூக்கல்.