மஞ்சள் இறங்கிற்று, நோய் இறங்கிற்றா?

கெடிலக் கரையிலும் வெள்ளாற்றங்கரையிலும் காமாலை இறக்கும் காட்சியை நாம் கண்டதுண்டு. வெண்கலத் தட்டிலே சுண்ணாம்பு நீர். நோயாளியின் கைகளை அதிலே கழுவுகிறார் மந்திரக்காரர். வெண்ணிற நீர் மஞ்சளாகிறது! "காமாலை இறங்கிவிட்டது" என்கிறார்; கூட்டம் கைகூப்புகிறது. மாம்பட்டைச் சாற்றை முன்னரே கைகளில் தடவியிருந்தால் சுண்ணாம்பு நீர் மஞ்சளாகும் என்பதைப் பகுத்தறிவாளர்கள் பல மேடைகளில் செய்தே காட்டியிருக்கின்றனர். ஆயினும் மந்திரக்காரரின் கடை மூடப்படவில்லை. ஏன்? அவரிடம் சென்றவர்களிற் பெரும்பாலோர் உண்மையிலேயே பிழைத்துவிடுகிறார்களே!

அந்த வெற்றியின் மர்மத்தை அறிய நாம் தலைநகர் டெல்லிக்குச் செல்லவேண்டும். 1955-ஆம் ஆண்டு. யமுனையில் வெள்ளம் வந்து ஆறு தன் போக்கை மாற்றிற்று. நஜப்கர் கால்வாயின் சாக்கடை நீர், நகருக்குக் குடிநீர் எடுக்கும் வஜீராபாத் துறைக்கே எதிர்த்தோடி வந்தது. வாரங்கள் சில கழிந்தன, காமாலை கிளம்பிற்று. கண் மஞ்சளானோர் மட்டும் ஏறத்தாழ 29,300 பேர். கோட்டை கொத்தளங்கள் கட்டியாண்ட நகரம், ஒரு குழாய்த் தண்ணீரிடம் தோற்றது! மாண்டவர்களில் கருவுற்ற தாய்மார்களின் விழுக்காடு மிகுதியாக இருந்தது. பத்தாண்டுகள் கழித்து, பிழைத்தவர்களை மருத்துவர்கள் மீண்டும் தேடிச் சோதித்து, 1966-இல் முடிவை வெளியிட்டனர். நாட்பட்ட ஈரல் நோய் அவர்களிடையே பெருகியிருக்கக் காணோம். சேமித்து வைத்திருந்த குருதியை 1980-இல் ஆராய்ந்தபோது, அது ஏ வகையுமன்று, பி வகையுமன்று என்று தெரிந்தது. பின்னர் அதற்கு ஈ வகை எனப் பெயரிட்டனர்.

ஆக, தண்ணீரால் பரவும் ஏ, ஈ வகைகள் பெரும்பாலோரிடம் தாமாகவே வந்து தாமாகவே போகின்றன. உடல் செய்த வேலைக்குத் தட்சணை வாங்கியவர் மந்திரக்காரர்! கர்ப்பிணிகளோ, இந்தத் தட்டை நம்பி நாள் கடத்தினால் உயிரிழக்கக்கூடும். 2015-இன் பெருமழையில் கடலூர் மாவட்டம் நீரில் மிதந்ததை மறந்தவர் யார்? சாக்கடையும் குடிநீரும் கலக்கும் இடங்களில் எல்லாம் டெல்லியின் கதை திரும்பலாம்.

இனி மற்றொரு காமாலை. அமெரிக்கப் படைவீரர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டனர். அதிலே மனிதக் குருதிநீர் சேர்ந்திருந்தது. 1942-இல் ஏறத்தாழ 50,000 வீரர்கள் காமாலையில் விழுந்தனர். அது பி வகை. 1985-இல் அவ்வீரர்களைச் சோதித்தபோது, கிருமியைச் சுமந்தவர் மிகச் சிலரே. வளர்ந்தவருக்குப் பி வகை தொற்றினால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவரிடமே நிலைக்கிறது. ஆனால் பிறக்கும்போதே தாயிடமிருந்து பெற்ற பச்சிளங் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் தங்கிவிடுகிறது. அக்குழந்தைக்குக் கண் மஞ்சளாவதில்லை, காய்ச்சலில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து ஈரல் சுருங்கி, மகோதரமென்று வயிறு பெருத்து, குருதி கக்கிச் சாகும் வரை யாரும் ஐயுறுவதில்லை. சிலருக்குப் புற்றாகவும் முடிகிறது. ஊசியாலும் இரத்தத்தாலும் பரவும் சி வகையோ, தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் நிலைத்துவிடுகிறது. மஞ்சள் இறங்கியதைக் கொண்டாடியவரின் உடம்பிலேயே கிருமி குடியிருக்கலாம்.

பி வகையின் அடையாளத்தை ஆஸ்திரேலியத் தொல்குடி ஒருவரின் குருதியிலே கண்டறிந்தவர் புளூம்பெர்க். 1976-இல் நோபல் பரிசு பெற்றார். அவரோடு சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசன் முதலியோர், நம் வயல் வரப்பில் முளைக்கும் கீழாநெல்லியைச் சோதித்து 1988-இல் லான்செட் இதழில் எழுதினர். மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கும், வெற்றுமாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கும் கிருமியின் அடையாளம் மறைந்ததாம். நமக்குப் பெருமை பொங்கிற்று! ஆனால் பிற நாடுகளில் செய்த ஆய்வுகள் அவ்விளைவைத் தரவில்லை. நம் மண்ணின் மூலிகை என்பதற்காக நாம் வழக்காடப் போவதில்லை. சோதனைக்கு உட்பட்டதே அதன் சிறப்பு. மந்திரக்காரரின் தட்டு எந்தச் சோதனைக்கும் உட்பட்டதில்லை. மருதூரில் பிறந்த வடலூர் இராமலிங்கர் கரிசலாங்கண்ணியை உண்ணச் சொன்னார்; கீரை உண்பதில் நமக்கு மறுப்பேதும் இல்லை, கீரையைக் காட்டிக் குருதிச் சோதனையைத் தள்ளுவதில்தான் மறுப்பு.

ஐதராபாத்திலே 1997-இல் பி வகைத் தடுப்பூசியை நம் நாட்டிலேயே ஆக்கத் தொடங்கினர், விலை சரிந்தது. 2018-இல் இந்திய அரசு ஈரல் அழற்சி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. சி வகையைப் பன்னிரண்டு வாரங்களில் பெரும்பாலும் தீர்க்கும் மாத்திரைகள் உண்டு. பி வகையை அடக்கி வைக்கவும் மாத்திரைகள் உண்டு. கருவுற்ற பெண்ணின் குருதியைச் சோதித்து, பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு ஊசி போட்டால், தாயின் நோய் பிள்ளையைத் தொடர்வது பெரும்பாலும் தடைபடும். ஆறு திங்கள் கழிந்தும் குருதியில் பி கிருமியின் அடையாளம் நீடித்தால் அது நாட்பட்ட நோய். காமாலை வந்து போன வீட்டில், கண் வெளுத்த பிறகும் ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்று கேட்கவேண்டிய கேள்வி அதுதான்: வந்தது எந்த எழுத்து?