ஆறுமணிக்குருவி

ஆறுமணிக்குருவி (பிட்டா பிராக்கியூரா) காட்டுத் தரையில் பூச்சி, புழுக்களைத் தேடித் தின்னும் சிறு பறவை. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவுவதால் இப்பெயர் பெற்றது. தோட்டக்கள்ளன் என்றும் அழைப்பர். தெலுங்கில் இது பொன்னங்கி பிட்ட.

வகைப்பாடு

கார்ல் லின்னேயஸ் 1766இல் இதைக் காக்கைப் பேரினத்தில் சேர்த்து, கோர்வஸ் பிராக்கியூரஸ் எனப் பெயரிட்டார். பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ 1816இல் ‘பிட்ட’ என்ற தெலுங்குச் சொல்லைக் கொண்டே பிட்டா பேரினத்தை வகுத்தார். இப்பறவை பின்னர் அதில் இடம்பெற்றது. காக்கையோடு இதற்கு நெருங்கிய உறவில்லை. மைனா, தையல்சிட்டு போன்ற பாடும் பறவைகளைவிட இதன் குரலுறுப்பு எளிய அமைப்புடையது. எளிய குரலுறுப்புடைய இக்கிளையில் அமேசான் காடுகளில் பூச்சி தின்னும் எறும்புப் பறவைகளும் அடங்கும். தென்னிந்தியாவில் இயல்பாகக் காணப்படும் இக்கிளையினர் வேறெவரும் இல்லை. பிட்டா குடும்பம் முழுவதையும் ஒரே பேரினமாகக் கொண்டது பழைய வழக்கு. மூன்றாகப் பிரிப்பதே பொருத்தமானது. ஆறுமணிக்குருவிக்குத் துணையினங்கள் கிடையா.

தோற்றமும் இயல்பும்

நீளம் சுமார் 19 செ.மீ. முதுகு பச்சை, இறக்கையில் நீலத் திட்டு, தொண்டை வெள்ளை, கண்ணை ஒட்டிக் கரிய பட்டை, அடிவயிறும் வாலடியும் குங்குமச் சிவப்பு. வால் மிகக் குட்டை. சருகுகளை அலகால் புரட்டித் தள்ளி, அடியில் பதுங்கும் வண்டு, எறும்பு, மண்புழு ஆகியவற்றைக் கொத்தும். தத்தித் தத்திச் செல்லும். அச்சுறுத்தினால் எழும்பித் தாழ்ந்த கிளையில் அமரும். கூவும்போது தலையைப் பின்னுக்குச் சாய்த்து இரண்டு சீழ்க்கைகளை அடுத்தடுத்து எழுப்பும்.

வலசை

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலும் மழைக்காலத்தில் இனப்பெருக்கம் செய்கிறது. புல், இலை, வேர்களால் உருண்டையான கூடு கட்டி, பக்கவாட்டில் வாயில் விடும். மழை ஓய்ந்ததும் தெற்கே புறப்பட்டுத் தமிழகத்திலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். பறப்பது இரவில்; களைத்த பறவைகள் வீட்டு முற்றங்களில் விழுந்து கிடப்பதுண்டு. ஆந்திரத்தின் திருமலை-சேஷாசலம் காடுகள் இவ்வழியில் உள்ளன. சித்தூர்ப் பகுதியில் பங்காருபாளையத்திலிருந்து பலமநேருக்கு ஏறும் மொகிலி மலைச்சரிவின் இலையுதிர் காடும் அடிவார மாந்தோப்புகளும் இதற்கு உகந்த நிழலும் சருகும் உடையவை.

பாதுகாப்பு

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவாய்ப்பு குறைந்த இனமாக வகைப்படுத்தியுள்ளது.