நோட்டீஸ் போர்டில் ஒரு போஸ்ட் கார்டு

1936-ம் வருஷம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம். இருபது வயசுப் பையன் ஒருவன் இரண்டு பட்டங்களோடு வெளியே வருகிறான். ஒன்று மின்பொறியியல், இன்னொன்று கணிதம். அடுத்து என்ன செய்வது? அதுதான் தெரியவில்லை.

நோட்டீஸ் போர்டில் ஒரு போஸ்ட் கார்டு கண்ணில் படுகிறது. பாஸ்டன் பக்கம் எம்.ஐ.டி.யில் ஒரு மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். பாதி நேரம் வேலை, மீதி நேரம் மேல்படிப்பு. சம்பளமும் உண்டு. விடுவானா பையன்? உடனே விண்ணப்பம் போட்டான். வேலையும் கிடைத்தது.

அவன் பெயர் கிளாட் ஷானன். இன்றைக்கு நீங்கள் கம்ப்யூட்டரில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்துக்கும் அந்தப் போஸ்ட் கார்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

எம்.ஐ.டி.யில் அவருக்காகக் காத்திருந்தது வானவர் புஷ் என்ற பேராசிரியர் கட்டிய ராட்சச எந்திரம். ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். தண்டும் பற்சக்கரமும் சுழல் வட்டுமாகச் சுற்றிச் சுற்றியே கடினமான சமன்பாடுகளுக்கு விடை சொல்லும். புதிதாக ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டுமா? ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி மாட்ட வேண்டும். நாள் கணக்கில் ஆகும்.

ஷானனைக் கவர்ந்தது சக்கரங்கள் இல்லை. அவற்றை ஆட்டிவைத்த மின்சுற்று. அதில் நூறு ரிலேக்கள் போல இருந்தன. ரிலே என்றால் பெரிய சமாச்சாரமில்லை. கரண்ட்டாலேயே போட்டு அணைக்கிற சுவிட்ச், அவ்வளவுதான். அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ‘டக் டக்’கென்று அடித்துக்கொண்டிருக்குமே, அதே ஜாதி. எந்த ரிலேயை எதோடு இணைப்பது என்பதற்கு அப்போது பெரும்பாலும் அனுபவம்தான் வழிகாட்டி. நம்ம ஊர் எலெக்ட்ரீஷியன் மாதிரி!

இங்கேதான் மிச்சிகனில் உட்கார்ந்து கேட்ட ஒரு தத்துவ வகுப்பு ஷானனுக்கு ஞாபகம் வந்தது. ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயரின் தர்க்கத்தை அங்கே படித்திருந்தார். பூல், செருப்புத் தைப்பவரின் மகன். எந்தக் கல்லூரியிலும் படிக்காமலே கல்லூரிப் பேராசிரியர் ஆனவர். உண்மை என்றால் 1, பொய் என்றால் 0 என்று வைத்துக்கொண்டு மனித சிந்தனையையே கணக்காகப் போட முடியும் என்று 1854-ல் புத்தகம் எழுதினார். சுவாரஸ்யமான புத்தகம்தான். ஆனால் அதை வைத்து ஒரு விளக்கை எரிய வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

ஷானனுக்குத் தோன்றியது. நான் பி.காம். படித்தவன். எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா! வீட்டில் மெயின் சுவிட்சும் ஃபேன் சுவிட்சும் போட்டிருந்தால்தான் ஃபேன் சுற்றும். இது பூலின் ‘மற்றும்’. காலிங் பெல்லுக்கு வாசலில் ஒரு பட்டன், கொல்லையில் ஒரு பட்டன். எதை அழுத்தினாலும் மணி அடிக்கும். இது ‘அல்லது’. ஆக, சுவிட்சுகளை முதலில் பேப்பரில் சமன்பாடாக எழுதலாம். அதைச் சுருக்கலாம். பத்து ரிலே பிடிக்கிற வேலையை ஆறில் முடிக்கலாமா என்று வயரைத் தொடாமலே கண்டுபிடிக்கலாம். கூட்டல் கணக்குப் போடும் சுற்று ஒன்றையும் அவர் வரைந்து காட்டினார்.

1937 ஆகஸ்ட்டில் முதுகலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் இதெல்லாம் இருந்தது. வயசு 21.

இரண்டு துறையும் ஒரே சமயத்தில் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லாமல் போனது தற்செயல் என்று பிற்காலத்தில் சொன்னார் ஷானன். அடக்கம்தான். ஆனால், ஜப்பானில் நகாஷிமா என்ற எஞ்சினீயரும் கிட்டத்தட்ட அதே வருஷங்களில் இதே பாதையில் வந்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆய்வேடு 1938-ல் கட்டுரையாக வந்தது. 1940-ல் பரிசும் வாங்கித் தந்தது. ஆல்ஃபிரட் நோபிள் பரிசு. அவசரப்படாதீர்கள், நோபல் இல்லை, நோபிள்! அவர் ஓர் அமெரிக்க எஞ்சினீயர். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

டாக்டர் பட்டத்துக்கு என்ன செய்வது? இதையே தொடரலாமே என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். புஷ் யோசித்தது வேறு மாதிரி. ஒரு துறையில் கெட்டிக்காரன் இன்னொன்றிலும் கெட்டிக்காரனாக இருப்பான் என்பது அவர் கட்சி. மரபியல் பண்ணு என்று அனுப்பிவிட்டார். அதில் அரிச்சுவடிகூடத் தெரியாத ஷானன், சொல்லெல்லாம் புதிதாகக் கற்றுக்கொண்டு, 1940-ல் ஆய்வேட்டை எழுதியும் முடித்தார். டாக்டர் ஆனார். தகவலை ‘பிட்’ கணக்கில் அளந்து 1948-ல் அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது.

மரபியல் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை. அந்த ஆய்வேடு அச்சேறியது 1993-ல், அவருடைய கட்டுரைகளை மொத்தமாகத் தொகுத்தபோதுதான்.