தௌலிப் பாறையில் இல்லாத கல்வெட்டு

அசோகர் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? சாலையோரம் மரம் நட்டார், கிணறு வெட்டினார். ஐந்து மார்க் கேள்வி. எழுதி முடித்தால் அடுத்து குப்தர்கள் :-)

புவனேஸ்வருக்குப் பிழைக்க வந்து பல வருஷமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் பூரி, கொனாரக் எல்லாம் முடித்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் தௌலிக்கும் கூட்டிப்போவது வழக்கம். வந்தவர்கள் குன்றின் மேலே இருக்கும் வெள்ளை சாந்தி ஸ்தூபத்தின் முன் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கீழே, பாறையிலேயே செதுக்கிய யானையும் அதை ஒட்டிய கல்வெட்டும் இருக்கும் பக்கம் ஆள் குறைவு. என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கலிங்கப் போர் நடந்தது சுமார் கி.மு. 261இல். அதைப் பற்றி அசோகரே பேசுவது அவருடைய 13ஆம் பாறைக் கல்வெட்டில். நாடு கடத்தப்பட்டவர்கள் 1,50,000 பேர், கொல்லப்பட்டவர்கள் 1,00,000 பேர், அதைப் போலப் பல மடங்கு பேர் பிறகு மாண்டார்கள் என்று கணக்கு சொல்கிறார். எண்ணிக்கை துல்லியமா என்பது வேறு விஷயம். ஜெயித்த ராஜா தன் வெற்றியின் விலையைத் தானே கல்லில் வெட்டி வைத்தார் என்பதுதான் ஆச்சரியம். சேனாதிபதி மேல் பழி போடவில்லை. கலிங்கர்கள்தான் வம்புக்கு வந்தார்கள் என்றும் சொல்லவில்லை. ஜெயித்தவன் நான், அதற்காக வருந்துபவனும் நான் என்கிற தொனி. நம் ஆபீஸ்களில் புராஜெக்ட் கவிழ்ந்தால் வரும் மின்னஞ்சலை நினைத்துப் பாருங்கள். "சில தவறுகள் நேர்ந்துவிட்டன" என்றுதான் இருக்கும். நேர்ந்ததாம், யாரும் செய்யவில்லையாம்!

ஆனால் ஒரு சங்கதி. குஜராத்தின் கிர்நாரில், டேராடூன் பக்கத்துக் கால்சியில், ஆந்திராவின் எர்ரகுடியில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஷாபாஸ்கடியில் எல்லாம் இந்த 13ஆம் கல்வெட்டு உண்டு. காந்தகாரில் கிரேக்க மொழியில்கூட இதன் பகுதி கிடைத்திருக்கிறது. கலிங்கத்தில் மட்டும் இல்லை! தௌலியிலும் சரி, கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் சரி, 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டு வேறு இரண்டு தனிக் கல்வெட்டுகளை வைத்திருக்கிறார்கள்.

அடிபட்டவனிடம் மட்டும் வருத்தம் சொல்லாத மனிதர் என்ன பெரிய தலைவர்? நியாயமான கேள்வி. ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்று நினைத்தாரா, கலகம் வரும் என்று பயந்தாரா, நாம் ஊகிக்கத்தான் முடியும். அவர் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதே 13ஆம் கல்வெட்டில், வருந்தினாலும் தண்டிக்கும் பலம் தனக்கு உண்டு என்று காட்டுவாசிகளை எச்சரிக்கவும் செய்கிறார். புனிதர் எல்லாம் இல்லை.

சரி, பதிலுக்கு என்ன எழுதினார்? முதல் தனிக் கல்வெட்டு கலிங்க மக்களுக்கு இல்லை, தோசலியில் இருந்த தன் சொந்த அதிகாரிகளுக்கு! எல்லா மக்களும் என் பிள்ளைகள் என்று ஆரம்பித்து, காரணமில்லாமல் யாரையும் சிறையில் போடாதே, பொறாமை, கோபம், அவசரம், சோம்பல் இவற்றோடு நீதி சொல்ல உட்காராதே என்று கண்டிக்கிறார். இதைக் குறிப்பிட்ட நாட்களில் மக்கள் கேட்க வாசிக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி வந்து சோதிப்பார். அதாவது, அதிகாரி எப்படி நடக்க வேண்டும் என்று மக்களுக்கே தெரிந்துவிடுகிறது. வருத்தத்தை நிர்வாகமாக மாற்றியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

தன்னையும் விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அந்தப்புரத்தில் இருந்தாலும், மக்கள் காரியம் என்றால் உடனே வந்து சொல்லுங்கள் என்கிறது 6ஆம் கல்வெட்டு. அரண்மனைச் சமையலறையில் முன்பு லட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயில், ஒரு மான், இனி அதுவும் இருக்காது என்கிறது முதல் கல்வெட்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன் என்று பீற்றிக்கொள்ளவில்லை பாருங்கள்!

சினிமாவில் போர்க்களத்தில் வாளை வீசியதும் மனிதர் மாறிவிடுவார். நிஜத்தில், பௌத்த உபாசகர் ஆன பிறகும் ஆரம்பத்தில் பெரிதாக முயற்சி எடுக்கவில்லை என்று சிறு பாறைக் கல்வெட்டில் அவரே ஒப்புக்கொள்கிறார். மெதுவாகத்தான் மாறியிருக்கிறார்.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்திய ஏற்பாடு செய்ததைச் சொல்லும் 2ஆம் கல்வெட்டில் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர் பெயரும் வருகிறது. போர் தொடுக்காமல் மூலிகை பற்றிப் பேசியிருக்கிறார்.

'சாரி' சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்கள் பலரும் அப்படித்தான். நாளைக்கு இதே தப்பு நடக்காமலிருக்க என்ன ஏற்பாடு செய்தாய், அதை யார் வந்து சோதிக்கலாம் என்று அடுத்த கேள்வி கேட்டுப் பழக்கினால் நல்லது. மரம் நட்டதை அவர்கள் எப்படியும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொள்வார்கள்.