ரேங்கிங் நாட்டுக்கு, டிக்கெட் யாருக்கு? லண்டன் 2012 டிரையத்லான் கதை

டிரையத்லான்னா தனியாள் விளையாட்டு, நீந்துறது, சைக்கிள் மிதிக்கிறது, ஓடுறது எல்லாம் அவரவர் பாடு. அப்படித்தான் நம்மில் பலர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். ஆனா 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு பிரிட்டன் தேர்ந்தெடுத்த ஆறு பேரில் மூன்று பேர் பதக்கம் வாங்க வரவில்லை. இன்னொருத்தர் பதக்கம் வாங்க உதவுறதுதான் அவங்க வேலை. அதை ஒளிவுமறைவு இல்லாமலே சொன்னாங்க. அந்த மூன்று இடங்களைப் பற்றித்தான் இந்த எபிசோட்.

முதலில் இரண்டு விதிகளைப் புரிஞ்சுக்கணும். ஒலிம்பிக் டிரையத்லானில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அயர்ன்மேன் பந்தயத்தில் முன்னால் போறவரின் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்டிக்கிட்டுப் போனா தண்டனை. ஒலிம்பிக் வகையில் அது அனுமதி. முன்னால் இருப்பவர் காற்றை உடைக்கிறார், பின்னால் இருப்பவர் காலுக்கு ஓய்வு கொடுத்துக்கிட்டே அதே வேகத்தில் வர்றார். இந்த ஒரு விதி இல்லைன்னா இன்றைய கதையே இல்லை.

இரண்டாவது விதி தகுதி பற்றியது. லண்டனுக்கு ஆண்களில் 55 பேர், பெண்களில் 55 பேர். இதில் 39 இடங்கள் ஒலிம்பிக் தகுதி ரேங்கிங் பட்டியலிலிருந்து வரும். இரண்டு வருஷம், மே 2012 வரைக்கும், உலகம் சுற்றி ஓடி பாயிண்ட் சேர்க்கணும். முதலிடத்துக்குக் கீழே ஒவ்வொரு இடத்துக்கும் 7.5 சதவீதம் குறையும். அதாவது பத்தாவதா வந்தா முதல்வர் வாங்கியதில் பாதிகூடத் தேறாது. ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் மூன்று பேர். இதுவரைக்கும் நியாயமாத்தான் இருக்கு. ஆனா அப்படிச் சம்பாதிக்கிற இடம் வீரருடையது இல்லை, அவர் நாட்டு ஒலிம்பிக் கமிட்டியுடையது. யாரை அனுப்புறதுன்னு நாடு முடிவு பண்ணும். ஒருத்தர் வியர்வை சிந்திச் சேர்த்த பாயிண்ட்டில் கிடைத்த இடத்தில் இன்னொருத்தர் போகலாம்.

ஆகஸ்ட் 2011இல், ஒலிம்பிக் நடக்கப்போகும் அதே ஹைட் பார்க்கில் உலகத் தொடரின் ஒரு சுற்று நடந்தது. அலிஸ்டர் பிரவுன்லீ ஜெயிச்சார், தம்பி ஜானதன் மூன்றாவது. பெண்களில் ஹெலன் ஜென்கின்ஸ் முதலிடம். அந்தப் பந்தயத்தில் இரண்டாவதா வந்தவர், டிரையத்லானுக்கு வந்து ஒரு வருஷமே ஆகியிருந்த அமெரிக்கக் கணக்காளர் க்வென் ஜார்கன்சன். அந்த ஒரே ஓட்டம் அவருக்கு ஒலிம்பிக் இடம் வாங்கிக் கொடுத்தது. அமெரிக்கா அன்றைய ஓட்டத்தைப் பார்த்து ஆளை எடுத்தது. பிரிட்டனோ மூன்று பேரை உறுதி செய்துவிட்டு, மிச்ச மூன்று இடங்களை எப்படிப் பயன்படுத்தலாம்னு யோசிச்சது.

சைக்கிள் பந்தயத்தில் இப்படிப்பட்ட உதவியாளருக்கு ‘டொமெஸ்டீக்’னு பேர். பிரெஞ்சில் வீட்டு வேலையாள்னு அர்த்தம். கொஞ்சம் கடுமையான பேர்தான். ஆண்கள் அணியில் அந்த இடம் 33 வயது ஸ்டூவர்ட் ஹேஸுக்கு. 2010இல் கிட்ஸ்பூலில் உலகத் தொடர் சுற்றையே ஜெயிச்சவர் அவர். பெண்களில் 20 வயது லூசி ஹால், கூட விக்கி ஹாலண்ட். வீட்டில் இருந்தவர்கள் பட்டியல் சின்னதில்லை. 2006 உலக சாம்பியன் டிம் டான் போகவில்லை. பெண்களில் ஜோடி ஸ்டிம்ப்சன் போகவில்லை. தன் சொந்த நாட்டில் நடக்கும் ஒலிம்பிக்கை வெளியில் நின்று பார்க்கிற வலி எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

ஆகஸ்ட் 4, பெண்கள் பந்தயம். லூசி ஹால் தண்ணீரில் தன் வேலையைச் செஞ்சார், வேகமா இழுத்துக்கிட்டுப் போனார். ஆனா சைக்கிளில் பின்னால் இருந்தவங்க வந்து சேர்ந்துட்டாங்க, பெரிய கூட்டமாயிடுச்சு. ஈரச் சாலையில் பலர் விழுந்தாங்க. ஜார்கன்சனுக்கு டயர் பஞ்சர், 38ஆவது இடம். தங்கம் சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக்குக்கு. ஸ்வீடனின் லிசா நோர்டேனும் அவரும் ஒரே நேரம், 1:59:48. போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு சொன்னாங்க. ஜென்கின்ஸ் ஐந்தாவது. பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் முழங்கால் காயத்தால் அவரால் சரியா ஓடிப் பயிற்சி எடுக்கவே முடியலை. அந்தக் காலுக்கு எந்த உதவியாளரும் உதவ முடியாது.

மூன்று நாள் கழிச்சு ஆண்கள். ஹேஸ் சைக்கிளில் முன்னால் நின்று காற்றை வாங்கிக்கிட்டார், வேகம் குறையாமல் பார்த்துக்கிட்டார். பின்னால் இருக்கும் கூட்டம் வந்து சேரக் கூடாது, அதுதான் கணக்கு. சேரவில்லை. அலிஸ்டர் கடைசி 10 கிலோமீட்டரை 29 நிமிடம் 7 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். ஸ்பெயினின் ஹாவியர் கோமஸ் வெள்ளி. ஜானதன் சைக்கிளில் சீக்கிரமா ஏறிட்டதால் ஓட்டத்தின் நடுவில் 15 விநாடி நின்று தண்டனை கழிச்சு, அப்புறமும் வெண்கலம் பிடிச்சார். ஹேஸ் 37ஆவது. பட்டியலில் அவர் பேர் பக்கத்தில் அந்த எண் மட்டும்தான் இருக்கு.

அப்ப உத்தி வேலை செஞ்சதா? என் கருத்து, பாதிதான். பிரவுன்லீ சகோதரர்களோடு முன்னணியில் கோமஸும் இருந்தார். ஹேஸ் உடைச்ச காற்றில் அவரும் இளைப்பாறினார். 2016 ரியோவில் அதே திட்டத்தோடு கார்டன் பென்சனை அனுப்பினாங்க. அவர் விழுந்து, பந்தயத்தை முடிக்கவே இல்லை. சகோதரர்கள் தங்கமும் வெள்ளியும் வாங்கினாங்க. உதவியாளர் இருந்தும் ஜெயிச்சாங்க, இல்லாமலும் ஜெயிச்சாங்க.

ஆனா பெண்கள் பக்கம் கதை வேற மாதிரி திரும்புச்சு. லண்டனில் உதவிக்கு வந்து 26ஆவதா முடிச்ச விக்கி ஹாலண்ட், ரியோவில் தனக்காகவே ஓடினார். கடைசியில் வெண்கலத்துக்காக அவரோடு மோதியவர் ஒரே வீட்டில் கூடத் தங்கியிருந்த நான் ஸ்டான்ஃபோர்ட். ஹாலண்ட் மூன்றாவது, ஸ்டான்ஃபோர்ட் நான்காவது. ஒலிம்பிக் டிரையத்லானில் பதக்கம் வாங்கிய முதல் பிரிட்டன் பெண் ஹாலண்ட்தான். ஸ்டிம்ப்சனோ 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியவர். இருந்தும் ரியோ அணியிலும் அவர் பேர் இல்லை.

டோக்கியோவில் கலப்பு ரிலே வந்ததும் கணக்கே மாறிடுச்சு. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஒவ்வொருத்தரும் 300 மீட்டர் நீச்சல், ஏழு கிலோமீட்டர் போல சைக்கிள், 2 கிலோமீட்டர் ஓட்டம். ரிலேவுக்குத் தகுதி பெற்ற நாட்டுக்கு ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு இரண்டு இடம் கூடவே வரும். நாலு பேருமே வேகமா முடிக்கணும். காற்றை மட்டும் உடைக்கிற ஆளுக்கு ஓர் இடத்தைச் செலவழிக்க இப்ப மனசு வராது. அந்த முதல் ரிலேவை பிரிட்டன் ஜெயிச்சது. லண்டனில் வெண்கலம், ரியோவில் வெள்ளின்னு நின்றிருந்த ஜானதன் பிரவுன்லீக்குத் தங்கம் கிடைத்தது அங்கேதான், இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து.