இருதுருவ மனநோய் (நெய்யாற்றின்கரை – பாறசாலை எல்லைப்பகுதி)

இருதுருவ மனநோய் (பைபோலார்) என்பது மேனியா எனப்படும் எழுச்சி நிலையும் கடும் சோர்வு நிலையும் மாறி மாறி வரும் நீண்டகால நோய். இடைப்பட்ட மாதங்களில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நோயாளி இயல்பாக இருப்பார். நோய் போய்விட்டது என்று மருந்தை நிறுத்துவதும் அப்போதுதான். கேரளத்தின் தென்கோடியில், களியக்காவிளையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களில் இதற்கான சிகிச்சை, அடைத்துவைப்பதில் தொடங்கித் தொடர்கவனிப்புக்கு வந்து சேர்ந்தது.

அறிகுறிகள்

எழுச்சி நிலை ஒரு வாரமாவது நீடிக்கும். இரண்டு மூன்று மணி நேரம் தூங்கினாலும் களைப்பு தெரியாது. ஓயாத பேச்சு, எரிச்சல், தன்னால் ஆகாதது இல்லை என்ற நினைப்பு, கைமீறிய செலவு எல்லாம் சேர்ந்து வரும். முற்றினால் இல்லாத குரல்கள் கேட்கும். இதன் மிதமான வடிவத்தை வீட்டார் வெறும் உற்சாகம் என்றே எடுத்துக்கொள்வர். சோர்வு நிலை இரண்டு வாரமோ அதற்கு மேலோ இருக்கும். எதிலும் நாட்டம் இராது, தற்கொலை எண்ணமும் எழலாம். பலர் சோர்வின்போதுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். முன்பு வந்த எழுச்சியை வீட்டார் சொல்லாவிட்டால் வெறும் மனச்சோர்வு என்று முடிவாகிவிடும். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் எழுச்சி கிளம்பவும் கூடும்.

வரலாறு

நெய்யாறு பிறக்கும் மலை அகத்தியர் பெயரால் அறியப்படுவது. அவர் பெயரில் வழங்கும் சித்த மருத்துவக் கிரிகை நூல் மனநோய்களை 18 வகையாகப் பிரிக்கிறது. ஊரில் செய்வினை, பேய்க்கோளாறு என்று மந்திரவாதியிடமும், சோற்றானிக்கரை போன்ற கோயில்களுக்கும் கொண்டுபோவது வழக்கமாக இருந்தது. இன்றும் முற்றாக மறையவில்லை.

1854இல் பிரான்சில் மருத்துவர்கள் ஃபால்ரே, பையார்ஜே இருவரும் எழுச்சியும் சோர்வும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று தனித்தனியே எழுதினர். 1899இல் ஜெர்மானிய மருத்துவர் கிரெப்பலின் அதை முழுமையாக வகைப்படுத்தினார். 'பைபோலார்' என்ற பெயர் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது.

திருவிதாங்கூரின் தலைநகரான திருவனந்தபுரத்தில் 1870இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை ஊளம்பாறை என்ற இடப்பெயராலேயே அறியப்படுகிறது. அன்று திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரிப் பகுதி நோயாளிகளுக்கும் அதுவே மருத்துவமனையாக இருந்தது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு உள்ளிட்ட தென் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் உள்ளவர்களுக்கு ஊளம்பாறை முப்பது சொச்சம் கிலோமீட்டர். அப்பால் உள்ளவர்களின் அரசு மனநல மருத்துவமனையோ சுமார் 700 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில்.

சிகிச்சை

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் எழுச்சியை அடக்குவதைக் கண்டறிந்தார். நோய் திரும்பாமல் தடுப்பதில் இன்றும் அதுவே முதன்மை மருந்து. வால்புரோயேட், லாமோட்ரிஜின், குவெட்டியாபின் ஆகியவையும் பயன்படுகின்றன; வால்புரோயேட் கருவைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குத் தவிர்ப்பர்.

லித்தியம் அளவு தப்பினால் நஞ்சாகும். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து, லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையும் உண்டு. வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலும், கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளாலும் இந்த அளவு ஏறும். கை நடுக்கம் மிகுதல், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூக்கம் கெடுவது எழுச்சியைத் தூண்டும். விடியுமுன் எழுந்து ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் முன்னிரவிலேயே படுப்பது சிகிச்சையின் ஒரு பகுதி.

இன்றைய நிலை

2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி சுமார் 200 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. பாதிக்கப்பட்டோரில் சுமார் 70 சதவீதத்தினர் சிகிச்சை பெறுவதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1999இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், சிகிச்சையை ஊளம்பாறையிலிருந்து உள்ளூர் அரசு மருத்துவமனைகளை நோக்கிக் கொண்டுவந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் (2017) நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

எல்லை தாண்டிய திருமணங்கள் இங்கு சகஜம். இரு மாநில சுகாதாரத் துறைகளும் வெவ்வேறு என்பதால், புகுந்த வீட்டுக்குப் போகும் நோயாளி மருந்துச்சீட்டையும் கடைசி இரத்தப் பரிசோதனை முடிவையும் உடன் கொண்டுபோவது அவசியம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416, எல்லையின் இருபுறமும் தமிழிலும் மலையாளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.